சட்டமா, அட்டையா, ஆஸ்பத்திரியா?

மருத்துவம் அரசு உறுதிசெய்ய வேண்டிய உரிமையா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். நடைமுறையில் இருப்பவை மூன்று வழிகள். ஒன்று, ராஜஸ்தான் 2023இல் இயற்றிய மாதிரியான மருத்துவ உரிமைச் சட்டம். இரண்டு, ஆயுஷ்மான் பாரத், முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீடு போன்ற அட்டை. மூன்று, தமிழ்நாடும் இலங்கையும் பல பத்தாண்டுகளாக நடத்திவரும் கட்டணமில்லாத அரசு ஆஸ்பத்திரி. மூன்றையும் எடைபோட மூன்று நோயாளிகள் போதும்: இரவு இரண்டு மணிக்கு லாரி மோதிக் கிடப்பவர், மாதாமாதம் சர்க்கரை மாத்திரை தேவைப்படுபவர், வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர்.

லாரி மோதியவரிடமிருந்து தொடங்குவோம். சட்டம் அதிகம் பேசுவது இவரைப் பற்றித்தான்.

விபத்தில் அடிபட்டவருக்கு, போலீஸ் நடைமுறைகளுக்குக் காத்திராமல், எந்த மருத்துவரும் உடனே சிகிச்சை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஒரு விவசாயத் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக 'படுக்கை இல்லை' என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். அவசர சிகிச்சை மறுப்பது, உயிர்வாழும் உரிமை தரும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவை மீறுவது என்று 1996இல் தீர்ப்பு வந்தது; 25,000 ரூபாய் இழப்பீடும் கிடைத்தது. உரிமை உறுதியானது, நான்கு ஆண்டு கழித்து. அடிபட்டவருக்குத் தேவைப்பட்டது அன்று இரவு ஒரு படுக்கை.

ராஜஸ்தான் சட்டம் இந்த இடைவெளியை மூடப் பார்த்தது. விபத்து, பாம்புக்கடி, விலங்குக்கடி போன்ற அவசர நிலைகளில் முன்பணம் கேட்காமல் சிகிச்சை தர வேண்டும். நோயாளியால் கட்ட முடியாவிட்டால் அரசு ஈடுகட்டும். மீறினால் முதல்முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 25,000 வரை அபராதம். 2023 மார்ச் 21இல் மசோதா நிறைவேறியது. தனியார் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏப்ரல் 4இல் உடன்பாடு ஏற்பட்டது. 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகளுக்கும், அரசிடமிருந்து சலுகை விலையில் நிலமோ கட்டடமோ பெறாதவற்றுக்கும் விலக்கு. நெடுஞ்சாலையோர ஊர்களில் முதலில் கண்ணில் படும் சின்ன நர்சிங் ஹோம்கள் அத்தோடு வெளியே போய்விட்டன.

மருத்துவர்களின் எதிர்ப்பு முழுவதையும் சுயநலம் என்று ஒதுக்கிவிட முடியாது. எது அவசரம் என்பதை யார் முடிவு செய்வது, எந்த விலைப்பட்டியலில் பணம் வரும், எத்தனை நாளில் வரும் என்ற மூன்று கேள்விகளுக்குச் சட்டத்தில் தெளிவான விடை இல்லை. எல்லாம் பின்னால் வரும் விதிகளுக்கு விடப்பட்டன. அந்த ஆண்டு டிசம்பரில் ஆட்சி மாறியது, விதிகள் வரவில்லை. மத்திய அரசிலும் இதே கதைதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம், விபத்துக்குப் பிந்தைய பொன்னான ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லா சிகிச்சைத் திட்டம் வகுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகே, ஏழு நாளுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரம்போடு 2025 மே மாதம் திட்டம் வந்தது.

தமிழ்நாட்டின் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தை இதன் பக்கத்தில் வையுங்கள். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. முதல் 48 மணி நேரம், 81 சிகிச்சை முறைகள், தொடக்கத்தில் ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை. அட்டை இருக்கிறதா, எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. எந்த மருத்துவமனை, என்ன சிகிச்சை, எவ்வளவு பணம் என்பதெல்லாம் முதல் நாளே எழுத்தில் இருந்தன. ஒரே குறை, இது அரசாணை. நாளை நிறுத்தினால் வழக்குப் போட நோயாளியின் கையில் சட்டப்பிரிவு எதுவும் இல்லை.

சர்க்கரை நோயாளிக்கு அட்டை அநேகமாக உதவாது. 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் தருகிறது, ஆனால் படுக்கையில் சேர்ந்தால்தான். வெளிநோயாளிச் சீட்டுக்கும் மாதாந்திர மாத்திரைக்கும் அதில் இடமில்லை. மக்கள் கைக்காசில் பெரும்பங்கு போவதோ மருந்துக்குத்தான். 2021-22க்கான தேசிய சுகாதாரக் கணக்கின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் சட்டைப்பையிலிருந்து போனது. பெரிய அறுவை சிகிச்சைக்குக் காப்பு இருந்து, இரத்த அழுத்த மாத்திரைக்கு இல்லையென்றால், மாத்திரையை விட்டவர் சில ஆண்டுகளில் பக்கவாதத்தோடு அந்தக் காப்பைத் தேடி வருவார்.

இங்கே வெல்வது மூன்றாவது வழி. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் பதிவாகி, 1995 முதல் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருகிறது. மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர். மாவட்டந்தோறும் கிடங்கு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். ஆண்டு ஒதுக்கீடு அதில் ரூபாயில் இருக்கும், எடுக்க எடுக்கக் கழியும். அதனால் தங்கள் ஊருக்கு எது தேவையோ அதைக் கேட்கலாம். மேலிருந்து தள்ளிவிடுவதை வாங்கி அடுக்க வேண்டியதில்லை. வந்த சரக்கின் மாதிரி, தயாரித்தவர் பெயர் மறைக்கப்பட்டு ஆய்வகத்துக்குப் போகிறது. தேறிய பிறகே விநியோகம். ராஜஸ்தான் 2011இல் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியபோது இதே மாதிரி ஒரு கழகத்தைத்தான் அமைத்தது. அந்த மாநிலத்தின் சாதாரண நோயாளிக்கு 2023இன் சட்டத்தைவிட 2011இன் கிடங்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது என்பது என் கணிப்பு.

இந்த வழியும் உடையும். இலங்கையின் அரசியலமைப்பில் மருத்துவம் தனி உரிமையாக இல்லை. ஆனாலும் அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லாத முறை தலைமுறைகளாக நடக்கிறது, 2016இல் மலேரியா இல்லாத நாடாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. 2022இல் டாலர் தீர்ந்தபோது மருந்தும் தீர்ந்தது. சத்திரசிகிச்சைகளைத் தள்ளிப்போட்டார்கள். மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி என்கிற நாட்டில், உரிமையை ஏட்டில் எழுதியிருந்தாலும் அந்த மாதங்களில் அலமாரி நிரம்பியிருக்காது.

டயாலிசிஸ் நோயாளியிடம்தான் அட்டையின் பலம் தெரியும். தொடர்ந்து வரும் பெருஞ்செலவு, எண்ணக்கூடிய சிகிச்சை, நிலையான விலை ஆகிய மூன்றும் காப்பீட்டுக்குப் பொருந்துபவை. தமிழ்நாட்டில் அட்டை எடுக்க ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றும் வேண்டும். பதிவு மையம் கலெக்டர் அலுவலகத்தில். சிக்குகிற இடங்கள் இரண்டு. ஆஸ்பத்திரி காப்பீட்டுப் பட்டியலில் இருந்தாலும் உங்கள் சிகிச்சைக்கு அங்கீகாரம் பெறாமல் இருக்கலாம். ஒரு சிகிச்சைக்குக் காப்பீட்டில் நிர்ணயித்த மொத்த விலை, அதாவது தொகுப்பு விலை, குறைவு என்று மீதியை நோயாளியிடம் கேட்பதும் நடக்கிறது. அப்படிக் கேட்பது விதிமீறல். ஆகவே சேரும் முன்பே காப்பீட்டுப் பிரிவில் முன் அனுமதி எந்தத் தொகுப்பில், எவ்வளவு தொகைக்குக் கேட்கிறார்கள் என்று விசாரிப்பது நல்லது.

சட்டம் மட்டும் இருந்தால் இந்த நோயாளிக்கு என்ன கிடைக்கும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சாட்சி. அந்நாட்டு அரசியலமைப்பு மருத்துவம் பெறும் உரிமையை வெளிப்படையாகவே தருகிறது. ஆனாலும் 1997இல் டர்பன் நகரில் டயாலிசிஸ் மறுக்கப்பட்டவரின் வழக்கை அரசியலமைப்பு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது: இயந்திரங்கள் குறைவு, யாருக்கு என்பதை மருத்துவமனை நியாயமான விதியின்படி முடிவு செய்யலாம் என்றது. 2002இல் அதே நீதிமன்றம், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி பரவாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தை அரசு மருத்துவமனைகளில் கொடுப்பதற்கு இருந்த தடையை நீக்க உத்தரவிட்டது. அந்த மருந்தை நிறுவனம் இலவசமாகத் தர முன்வந்திருந்தது. அரசுதான் சில இடங்களோடு நிறுத்தியிருந்தது. இருப்பதை மறுத்தால் உரிமைச் சட்டம் உடைத்துத் திறக்கும். இல்லாத இயந்திரத்தை அதனால் கொண்டுவர முடியாது.

மூன்றையும் சேர்த்துக் கட்டிய நாடு தாய்லாந்து. 1972 முதலே புதிய மருத்துவர்கள் கிராமங்களில் கட்டாயப் பணி செய்தார்கள். மாவட்ட ஆஸ்பத்திரிகள் முதலில் எழுந்தன. 2002இல்தான் தேசிய சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம். ஒருவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று, தொடக்கத்தில் சுமார் 1,202 பாட், பதிவான தலைக்கணக்கில் நிதி ஒதுக்கினார்கள். வெளிநோயாளிச் சிகிச்சையும் அதில் அடக்கம்.

தமிழ்நாட்டுக்கு ஒரு சட்டம் வேண்டும் என்றே நான் கருதுகிறேன், ஆனால் குறுகியதாக. ஏற்கெனவே நடப்பதை முதலில் உரிமையாக்கலாம்: 48 மணி நேர விபத்து சிகிச்சை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தியாவசிய மருந்துப் பட்டியல், டயாலிசிஸ். பட்டியல் மருந்து இல்லையென்றால் வெளியில் வாங்கிய ரசீதுக்கு எத்தனை நாளில் பணம் திரும்பும், தனியார் மருத்துவமனைக்கு எந்த விலையில் எத்தனை நாளில் பணம் போகும், தாமதித்தால் வட்டி எவ்வளவு என்பவை விதிகளுக்கு விடப்படாமல் சட்டத்தின் உடலிலேயே எண்ணாக இருக்க வேண்டும்.