மண் முட்டியா, பிளாஸ்ரிக் கானா? கருப்பணியில் சீனி உடையாமல் இறக்க எது நல்லது

பூநகரி, மன்னார்ப் பக்கம் கருப்பணியை, அதாவது புளிக்காத பனஞ்சாற்றை, இறக்கிப் பனங்கட்டி காய்ச்சுகிறவர்களிடம் பேசினால், அதை மண் முட்டியில் பிடிப்பதா பிளாஸ்ரிக் கானில் பிடிப்பதா என்ற கேள்வி எப்படியும் வரும். நாங்கள் இரண்டையும் பாவித்துப் பார்த்து, மரத்தில் முட்டி, சுமக்கக் கான் என்று முடிவெடுத்தோம்.

கானின் நன்மைகள் எல்லோருக்கும் தெரியும். பாரம் குறைவு, விழுந்தாலும் உடையாது, எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கீழே நின்றே பார்க்கலாம். காலையும் மாலையும் மரம் ஏறுகிறவருக்கு இது பெரிய உதவி. முட்டி வனைகிற ஆட்களைத் தேடிப் போகவும் வேண்டாம்.

ஆனால் கட்டிக்குக் காய்ச்சுவதென்றால் சுக்குரோசு என்ற சீனிதான் கணக்கு. நல்ல கருப்பணியில் நூற்றுக்கு 10 முதல் 12 பங்கு சீனி இருக்கும். 1 கிலோ கட்டிக்கு 8 முதல் 10 லீற்றர் தேவை. பாளையிலிருந்து சொட்டத் தொடங்கியதுமே காற்றிலும் பூச்சியிலும் உள்ள மதுவம் (புளிக்க வைக்கும் ஈஸ்ட்) அதில் இறங்கிவிடும். பாத்திரத்தின் உள்ளே பூசும் சுண்ணாம்பு அதைத் தடுக்கிறது. தடுப்புத் தவறினால் சுக்குரோசு குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் உடையும். தொடக்கத்தில் இதை நாக்கு கண்டுபிடிக்காது, இனிப்பு அப்படியே இருக்கும். பிரிக்ஸ் மானியும் கிட்டத்தட்ட அதே எண்ணைத்தான் காட்டும், ஏனென்றால் அது கரைந்திருப்பதை மொத்தமாக அளக்கிறது. காய்ச்சும் தாச்சியில்தான் உண்மை தெரியும். எவ்வளவு கிண்டினாலும் பாகு இறுகாது. குட்டானில் (கட்டி வார்க்கும் சிறிய ஓலைப் பெட்டியில்) ஊற்றினால் இளகிக்கொண்டே கிடக்கும். அத்தனை விறகும் வீண்.

அதனால் நான் முதலில் பார்ப்பது பாத்திரத்தைத் துப்புரவாக்க முடியுமா என்பதைத்தான். மண்ணில் நுண்துளைகள் உண்டு, நேற்றைய மதுவம் அதற்குள் ஒளிந்திருக்கும் என்று சொல்வார்கள். அது சரிதான். ஆனால் முட்டியை நெருப்பில் காட்டலாம். கழுவி, வாயைக் கவிழ்த்து, கை வைக்க முடியாத சூடு ஏறும்வரை அனலில் வைத்தால் துளைக்குள் இருப்பதும் சாகும். கானை அப்படிச் செய்ய முடியாது. கொதிநீர் ஊற்றினால் நெளியும். கழுத்து ஒடுக்கமாக இருப்பதால் கை உள்ளே போகாது. தூரிகை போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். அந்தக் கீறலே அடுத்த நாள் புளிப்புக்கு வீடு. மேற்பக்கத்தை வெட்டிவிட்டால் கழுவுவது இலகு, ஆனால் தேனீயும் எறும்பும் வந்து விழும்.

சுண்ணாம்பு பிடிப்பதிலும் முட்டிக்குத்தான் என் வாக்கு. சொரசொரப்பான சுவரில் பூச்சு சமமாக நிற்கும். வழுவழுப்பான பிளாஸ்ரிக்கில் காய்ந்து உரிந்து அடியில் கட்டியாகக் கிடக்கும். பயத்தில் கூடுதலாகப் பூசினால் பனங்கட்டி கறுத்துக் கைக்கும்.

மண் முட்டி குளிர்ச்சி தரும் என்கிறார்கள். சுண்ணாம்பு பூசிய பிறகு அந்தக் குளிர்ச்சியை நான் பெரிதாக எண்ணமாட்டேன். எவர்சில்வர் வாளியைக் கொதிநீரில் அலசலாம் என்பதால் அது நல்ல நடுவழியாகத் தெரிகிறது. அதில் எனக்குப் பழக்கம் குறைவு, அடித்துச் சொல்லமாட்டேன்.

வீட்டு வளவுக்குள் இரண்டு மூன்று மரம்தான் என்றால் கானும் போதும். வாய் அகன்றதாக எடுங்கள், ஒவ்வொரு முறை இறக்கியதும் உடனே கழுவி, புதிதாகச் சுண்ணாம்பு தடவுங்கள். கள்ளு இறக்கிய பாத்திரத்தை, அது மண்ணோ பிளாஸ்ரிக்கோ, கருப்பணிக்கு எடுக்கவே வேண்டாம்.

எதில் இறக்கினாலும், எல்லாவற்றையும் ஒரே தாச்சியில் ஊற்ற முன்னர் ஒவ்வொன்றிலும் சிவப்புப் பாசிச்சாயத்தாளை (லிட்மஸ் தாளை) தோய்த்துப் பாருங்கள். நீலமானால் சுண்ணாம்பு இன்னும் போதுமான அளவு இருக்கிறது, வடித்து உடனே அடுப்பில் ஏற்றலாம். நீலமாகாததைத் தனியே பிரித்துப் பாணிக்கு (கட்டியாக்காத பாகுக்கு) காய்ச்சுங்கள். உடைந்த சீனி உறையாது என்பது பாணிக்கு நல்லதுதான்.