மினி பேண்ட்: ஓடுவதற்கு முன் எது உதவும், எது வீண்?

ஓடுபவர்களின் வார்ம் அப்புக்கென்று இப்போது எங்கும் விற்கும் பொருள் மினி பேண்ட் எனப்படும், இரண்டு கால்களையும் சேர்த்து மாட்டிக்கொள்ளும் ரப்பர் வளையம். ஐந்து நிறத்தில் ஐந்து வளையம், அவற்றைப் போட்டு வைக்க ஒரு வலைப்பை, விலை சில நூறு ரூபாய். வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் ஐந்தில் இரண்டோ மூன்றோதான் உருப்படியாகப் பயன்படும். அதுவும் வார்ம் அப்பின் நடுவில் மூன்று, நான்கு நிமிடத்துக்குத்தான். உடம்பைச் சூடாக்குவது நடையும் மெதுவோட்டமும். ரப்பர் அந்த வேலையைச் செய்யாது. இதைப் புரிந்துகொண்டு வாங்கினால் காசுக்கு மோசமில்லை.

பரவலாகக் கிடைப்பது தட்டையாக வைத்தால் 30 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் உள்ள லேடெக்ஸ் வளையம். 25 செ.மீ. வளையமும் உண்டு, தொடை சற்றுப் பருமனாக இருந்தால் அது போட்டதுமே இறுகிவிடும், கால் எடுத்து வைக்க இடம் இருக்காது. பலம் கூடுவதும் குறைவதும் தடிமனைப் பொறுத்தது. வழக்கமான செட்டில் மெல்லியது 0.35 மி.மீ., அடுத்து 0.5, 0.7, 0.9, கடைசியாக 1.1. வாங்கும்போது இந்த மில்லிமீட்டரைப் பாருங்கள், நிறத்தைப் பார்க்காதீர்கள். ஒரு கம்பெனியின் பச்சை இன்னொரு கம்பெனியின் நீலத்துக்குச் சமமாக இருக்கும். அட்டையில் போட்டிருக்கும் கிலோ கணக்கும், எவ்வளவு நீட்டியபோது என்று சொல்லாதவரை உதவாது. பிசியோதெரபியில் நெடுநாளாகப் புழங்கும் தெராபேண்ட் தன் தட்டை நாடாக்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்கிறது: நீளம் இருமடங்காகும்போது மஞ்சள் 1.3 கிலோ, சிவப்பு 1.7, பச்சை 2.1, நீலம் 2.6, கறுப்பு 3.3. எல்லாக் கம்பெனிகளும் இப்படிப் போட்டால் வாங்குபவருக்கு எவ்வளவோ வசதி.

துணி பேண்ட் தனி ரகம். அகலம் சுமார் 8 செ.மீ., உள்பக்கம் வழுக்காமலிருக்க ரப்பர் கோடுகள். தொடையில் போட்டால் சுருண்டுகொள்ளாது, காலில் முடியைப் பிடித்து இழுக்காது. வியர்வை ஊற்றும் சென்னைக் காலையில் லேடெக்ஸ் தொடையில் ஒட்டிக் கயிறுபோல் சுருளும். அந்தத் தொல்லை இதில் இல்லை. குறை என்னவென்றால் அதிகம் நீளாது. ஸ்குவாட்டுக்கு, அதாவது உட்கார்ந்து எழும் பயிற்சிக்கு நல்லது, கணுக்காலில் மாட்டி நடக்க லாயக்கில்லை. ஓடுபவருக்கு 0.5, 0.7 மி.மீ. லேடெக்ஸ் இரண்டு இருந்தால் போதும் என்பதே எங்கள் கருத்து. முழுநீள டைட்ஸ் போட்டு ஓடுபவர்களுக்குச் சுருளும் தொல்லையும் குறைவு.

இனி, எப்போது மாட்டுவது? முதல் 5 நிமிடம் வேகநடையில் தொடங்கி மெதுவோட்டத்துக்குப் போக வேண்டும், மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேசும் அளவில். தசை சூடானால் நரம்பின் கட்டளை விரைவாகப் போய்ச் சேரும், ரத்தத்திலிருந்து ஆக்சிஜனும் எளிதாகப் பிரியும். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் முன்பின்னாக 10, பக்கவாட்டில் 10 தடவை வீசுங்கள். அதன் பின்தான் பேண்ட்.

முழங்காலுக்குச் சற்று மேலே மாட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பக்கவாட்டில் வலப்பக்கம் 10 அடி, இடப்பக்கம் 10 அடி. பின்னர் கால்களை அகட்டியபடியே முன்னால் 10, பின்னால் 10. பாதங்கள் இடுப்பு அகலத்துக்கும் குறைவாக நெருங்கவே கூடாது; நெருங்கினால் ரப்பர் தொய்ந்து, அந்த அடி வீணாகிவிடும். இது பழகிய பிறகு பேண்டைக் கணுக்காலுக்கு இறக்கலாம். அதே பேண்ட் அங்கே கூடுதல் கனமாகத் தெரியும், நெம்புகோல் நீண்டுவிடுவதால்.

பெரும்பாலோர் தவறுவது பலத்தில். தடித்த பேண்டை மாட்டியதும் முழங்கால்கள் உள்பக்கம் சாய்கின்றன, உடம்பு பெண்டுலம்போல் ஆடுகிறது. இடுப்பின் பக்கத்தில், பிட்டத்தின் மேல்பகுதியில் இருக்கும் தசைதான் வேலை செய்ய வேண்டும். ஒற்றைக் காலில் தரையிறங்கும் ஒவ்வொரு தடவையும் இடுப்பு ஒருபக்கம் சரியாமல் தாங்குவது அதுதான். எரிச்சல் தொடையின் முன்பக்கம் மேலே தெரிந்தால், பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பியிருக்கின்றனவா, நிமிர்ந்து நின்றபடி நடக்கிறீர்களா என்று பாருங்கள். லேசான கதகதப்போடு நிறுத்திவிடுங்கள். தசை நடுங்கும்வரை செய்தால் அது பயிற்சி, வார்ம் அப் அல்ல. போட்டி நாளில் ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம்.

பேண்டைக் கழற்றியதும் 15 முதல் 20 விநாடி வரை வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி ஒரு ஓட்டம், ஒரு நிமிடம் நடை. இப்படி மூன்று, நான்கு தடவை. இதைச் செய்யாமல் விடுபவர்களே அதிகம். வீட்டு மொட்டைமாடியில் பேண்ட் வேலையை முடித்துவிட்டு, அரை மணி நேரம் வண்டியோட்டி மெரினாவுக்குப் போய் இறங்கினால் செய்ததெல்லாம் ஆறிப்போயிருக்கும். குனிந்து பாதத்தைத் தொட்டபடி ஒரு நிமிடத்துக்கும் மேல் அசையாமல் நிற்பதையும் ஓட்டத்துக்கு முன் விட்டுவிடலாம். அவ்வளவு நேரம் இழுத்துப் பிடித்தால் தசையின் பலம் சற்று நேரத்துக்குக் குறைகிறது.

காயமே வராது என்று அட்டையில் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். வார்ம் அப்பால் காயம் குறைவதற்கு நல்ல சான்றுகளில் ஒன்று, நார்வேயில் கால்பந்து ஆடும் இளம்பெண்களிடம் நடந்து 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு. அவர்கள் செய்த, இன்று ஃபிஃபா 11+ எனப்படும் 20 நிமிடப் பயிற்சியில் ஓட்டம், பலம், சமநிலை, தாவல் எல்லாம் உண்டு. ரப்பர் பேண்ட் இல்லை.

இந்த வளையத்துக்குப் பெரிய எதிரி எண்ணெய். காலில் தேங்காய் எண்ணெயோ வலித் தைலமோ தடவிக்கொண்டு மாட்டினால் லேடெக்ஸ் ஊறி, பலமிழந்து, சீக்கிரம் அறுந்துவிடும். வெயிலும் அப்படித்தான், ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டு வைக்காதீர்கள். பயன்படுத்தியதும் வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி வைத்தால் ஒட்டிக்கொள்ளாது. மாட்டும்முன் வெளிச்சத்தில் நீட்டி ஓரங்களைப் பாருங்கள். கிழிசல் பெரும்பாலும் ஓரத்துச் சின்ன வெட்டிலிருந்துதான் தொடங்கும். அப்படி ஒன்று தெரிந்தாலே தூக்கிப் போட்டுவிடுங்கள், அறுந்து தெறிக்கும் ரப்பர் கண்ணில் பட்டால் ஆபத்து.

லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் துணி பேண்டை வாங்கிவிட்டுப் பத்திரம் என்று இருந்துவிடக் கூடாது. பல துணி பேண்டுகளின் நெசவுக்குள் ஓடுவதும் லேடெக்ஸ் இழைதான். லேபிளில் லேடெக்ஸ் இல்லை என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.