பால் வற்றும்போது போடும் மடி ட்யூப்: வாங்கலாமா?

மடிநோய்க்குக் காம்புத் துளை வழியாக மருந்து ஏற்றுவதுதான் மடி ட்யூப். கறவையில் இருக்கும் மாட்டுக்குப் போடுகிற ட்யூப்பும், பால் வற்றவைக்கும்போது போடுகிற ட்யூப்பும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வேலை வேறு. நான் வாங்கியது இரண்டாவது வகை. க்ளாக்சசிலின் பென்சதைன் என்ற ஆன்டிபயாடிக் 500 மில்லிகிராம், காம்புக்கு ஒன்று.

எங்கள் ஜெர்சி கலப்புப் பசுவுக்குப் போன ஈத்து முழுக்கப் பின்காம்பு இரண்டிலும் மடிநோய். கறவை ட்யூப் போட்டால் திரிதிரியாக வருவது நிற்கும், பால் தெளியும், கொஞ்ச நாளில் மறுபடி ஆரம்பிக்கும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பாலைக் கொடுத்துப் பார்த்ததில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று வந்தது. பொல்லாத கிருமி. மடிக்குள் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகளாகப் பதுங்கும், செல்லுக்குள்ளேயே கூடப் போய் உட்கார்ந்துகொள்ளும். மருந்து அதுவரை போய்ச் சேரவும் வேண்டும், அங்கே தங்கவும் வேண்டும். காலையும் மாலையும் கறந்தால் போட்டதில் பெரும்பகுதி பாலோடு வெளியே வந்துவிடுகிறது, அப்புறம் எங்கே தங்குவது?

வற்றவைக்கும் ட்யூப்பில் இருப்பது அந்த மருந்தின் லேசில் கரையாத உப்பு வடிவம், அதையும் கெட்டியான எண்ணெய்ப் பசையில் கலந்திருக்கிறார்கள். ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பு, கடைசியாக ஒட்டக் கறந்துவிட்டு நான்கு காம்பிலும் ஏற்றினோம். வாரக்கணக்கில் மடிக்குள்ளேயே நின்று வேலை செய்கிறது. இந்த ஈத்தில் இடது பின்காம்பு சுத்தம், மடிநோய் இருந்தால் பாலைக் கெட்டிப்படுத்திக் காட்டும் சி.எம்.டி. சோதனையில் பால் கெட்டிப்படவே இல்லை. வலது காம்பில் பலன் இல்லை. அந்தப் பக்கம் முன்பே கல்லாக இறுகியிருந்தது, தழும்பு விழுந்த சதையில் மருந்து ஊறாது என்று டாக்டர் போடும்போதே சொல்லிவிட்டார். அதனால் மருந்தைக் குறை சொல்ல மாட்டேன். ஐந்துக்கு நான்கு மதிப்பெண்.

ட்யூப்பின் மூக்குக்கு இரட்டை மூடி வைத்திருப்பது நல்ல யோசனை. மேல்மூடியை மட்டும் கழற்றினால் குட்டை முனை. காம்புத் துளையில் லேசாக நுழைத்தாலே போதும், உள்தோல் கிழியாது. கூட வந்த ஸ்பிரிட் துணியால் காம்பு நுனியை அழுந்தத் துடைக்காமல் ஏற்றினால், வெளியே இருக்கிற அழுக்கை நாமே உள்ளே தள்ளுகிற மாதிரி.

பிடிக்காதது அட்டைப்பெட்டி. ஈன்றபின் எத்தனை நாள் பாலை ஊற்றக்கூடாது என்ற முக்கியமான விஷயம் எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும். கடைக்காரரும் எந்த மாட்டுக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதைத் தெரியாமல் கறவை மாட்டுக்குப் போட்டால் சொசைட்டிப் பாலில் மருந்து கலக்கும், வீட்டில் தயிரும் உறையாது. ஈ. கோலை மாதிரிக் கிருமிக்கு இந்த மருந்து கேட்கவும் கேட்காது. பால் சோதனைச் சீட்டு கையில் வந்தபிறகு, டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள்.