வீடியோ கேம் வீடுகளுக்கு நிஜ விலை போட்டுப் பார்த்த ஐந்து வருடம்

2020-ல் நிஜமாகவே வீடு தேடி அலைந்துகொண்டிருந்தேன். பகலெல்லாம் தரகர்களிடம் சதுர அடிக் கணக்கு பேசிவிட்டு, இரவில் கேம் ஆட உட்கார்ந்தால் அங்கேயும் அதே கண்தான். வெளிச்சம் வருமா, பக்கத்தில் என்ன கடை, இந்த விலைக்கு இது தகுமா? அப்படித் தொடங்கிய ஓர் எக்செல் ஷீட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கேம் வீடுகளுக்கு நிஜ உலக வழக்கப்படி விலை போட்டால் என்ன வரும் என்பதுதான் அதில் இருப்பது. இத்தனை வருடத்தில் எந்த முறை தேறியது, எது தேறவில்லை என்று சொல்கிறேன்.

தேறாதது சதுர அடி முறை. ஸ்கைரிம் என்ற கேமில், வைட்ரன் நகரத்தில் இருக்கும் ப்ரீஸ்ஹோம் என்ற வீட்டை அளக்கக் கட்டிலைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொண்டேன். ஒரு கட்டில் ஆறரை அடி என்று வைத்து, சுவருக்குச் சுவர் எத்தனை கட்டில் என்று ஒரு மாலை முழுக்க நடந்து நடந்து எண்ணினேன். வெளியே வந்து அதே மாதிரி எண்ணினால் கணக்கு உதைத்தது. கதவைத் திறந்ததும் கேம் வேறு ஓர் இடத்தைத்தான் லோட் செய்கிறது. வெளியே தெரிகிற கட்டடமும் உள்ளே இருக்கிற அறையும் பொருந்தியாக வேண்டிய கட்டாயமே இல்லை. கேம் மாளிகையைப் போலவே தோற்றமுள்ள ஒரு நிஜ வீட்டைப் பிடித்து, அதன் சதுர அடி விலையால் பெருக்கி, ‘இது இத்தனை மில்லியன் டாலர்’ என்று சொல்லும் பட்டியல்கள் நிறையச் சுற்றுகின்றன. படிக்க ஜாலியாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதில் கிடைப்பது அந்த நிஜ வீட்டின் விலைதான்.

தேறியது வாடகை முறை. ப்ரீஸ்ஹோம் 5,000 பொன் (அந்தக் கேமின் நாணயம்). அதே நாட்டில் சத்திரத்தில் ஓர் இரவு தங்க 10 பொன். அப்படியானால் 500 இரவுக்கான சத்திரக் கூலியில் ஒரு சொந்த வீடு! ஒன்றரை வருட வாடகைகூட ஆகவில்லை. நிஜ உலகில் பதினைந்து, இருபது வருட வாடகைக்குச் சமமான விலையைச் சர்வ சாதாரணமாகக் கேட்பார்கள். சாலிட்யூட் நகரத்தின் ப்ரௌட்ஸ்பயர் மேனர் 25,000 பொன், அந்த நாட்டிலேயே விலை கூடிய வீடு. அதுவும் ஏழு வருட வாடகைக்குள் அடங்கிவிடுகிறது. இந்த ஒரு கணக்குக்கு நாணய மாற்று விகிதம் தேவையில்லை, கட்டிலை வைத்து அளக்கவும் தேவையில்லை. கேம் தன் வாயாலேயே சொன்ன இரண்டு விலைகள் போதும்.

கூடவே வேறு சில விஷயங்களும் கண்ணில் படும். டேட்ரிக் பெருவாள் என்ற ஆயுதத்தின் அடிப்படை மதிப்பு 2,500 பொன். இரண்டு வாள், ஒரு வீடு. ப்ரீஸ்ஹோமில் ரசவாத மேசை போட 500 பொன், அதாவது வீட்டு விலையில் பத்தில் ஒரு பங்கு. நிஜத்தில் மாடுலர் கிச்சனுக்குக் கொட்டேஷன் வாங்கியவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருக்காது. வாசலுக்குப் பக்கத்திலேயே கொல்லன் பட்டறை. விளையாடுகிறவருக்கு அது வசதி. குடியிருக்க வருகிறவர் என்றால் காலையிலிருந்து சம்மட்டிச் சத்தம், விலையைக் குறைத்துக் கேட்பார்.

சரி, இவ்வளவு சொன்ன பிறகு ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். ஸ்கைரிமில் வாங்கிய வீட்டைத் திரும்ப விற்க முடியாது. இது எனக்கு உறைக்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. விற்க முடியாத பொருளுக்குச் சந்தை விலை என்று ஒன்று எங்கே இருக்கிறது? 5,000 பொன் என்பது ஒரு வகை நுழைவுக் கட்டணம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஷீட்டில் ‘மறுவிற்பனை’ என்று ஒரு பத்தி சேர்த்தேன். பெரும்பாலான வரிசைகளில் அது ‘இல்லை’ என்றே இருக்கிறது. பளிச்சென்று நிற்கும் விதிவிலக்கு என்ட்ரோப்பியா யுனிவர்ஸ் கேமின் கிளப் நெவர்டை. 2005-ல் 1,00,000 டாலருக்கு வாங்கப்பட்ட அந்தக் கற்பனை விண்கல், 2010-ல் பகுதி பகுதியாக மொத்தம் 6,35,000 டாலருக்கு விற்றது. இரண்டுமே நிஜ டாலர். அதில் விளையாட வருகிறவர்களிடமிருந்து உரிமையாளருக்கு வருமானம் வந்துகொண்டிருந்தது, அதனால்தான் அந்த விலை.

வருமானத்தை வைத்து விலை போடலாம் என்று கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: வைஸ் சிட்டி கேமுக்குப் போனால் தலை சுற்றும். அங்கே விலைக்கு வரும் மாலிபு கிளப் என்ற இரவு விடுதி 1,20,000 கேம் டாலர். அங்கே உள்ள வேலைகளை முடித்துவிட்டால் ஒரு நாளைக்கு 10,000 வரை தரும். பன்னிரண்டே நாளில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும். கேமில் ஒரு நாள் என்பது நம் 24 நிமிடம், ஆக ஐந்து மணி நேரம்கூட இல்லை. வரி இல்லை, பராமரிப்பு இல்லை. தொகையை எடுக்க நேரில் வண்டி ஓட்டிப் போக வேண்டும் என்பது ஒன்றுதான் செலவு.

கடன் பக்கம் வந்தால் அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ் கேமை அடித்துக்கொள்ள ஆளில்லை. முதல் வீட்டுக் கடன் 98,000 பெல் (அங்குள்ள பணம்), கடைசி விரிவாக்கம் 24,98,000. எல்லாம் கூட்டினால் 56,96,000. வட்டி கிடையாது, தவணைத் தேதி கிடையாது, கேட்டு யாரும் வர மாட்டார்கள். ஆனால் சேமிப்புக் கணக்கில் போட்டால் மட்டும் வட்டி உண்டு! அப்படியென்றால் கடனைக் கட்டாமல் பணத்தை வங்கியில் வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். நான் அப்படித்தான் இருந்தேன். 2020 ஏப்ரல் அப்டேட்டில் அந்த வட்டியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள், சுமார் 0.5 சதவீதத்திலிருந்து 0.05-க்கு. நிஜ உலகில் வங்கிகள் வட்டியைக் குறைத்துக்கொண்டிருந்த அதே மாதங்கள். அன்று சிரித்ததுபோல் இந்த ஐந்து வருடத்தில் வேறு எதற்கும் சிரித்ததில்லை.

தி சிம்ஸ் 4 கேமில் எனக்கு ஒட்டாதது இடத்தின் மதிப்பு. அதே சுவர், அதே நாற்காலிகளோடு கடலைப் பார்த்துக் கட்டினாலும் நடு ஊரில் கட்டினாலும் வீட்டின் மதிப்பு பெரும்பாலும் கட்டுமானம், உள்ளே இருக்கும் பொருட்கள் இவற்றின் கூட்டுத்தொகைதான். இடத்தின் மதிப்பை உண்மையில் உணர வைப்பது ஃபைனல் ஃபேண்டசி 14 என்ற ஆன்லைன் கேம். ஒரு வார்டில், அதாவது ஒரு குடியிருப்புப் பகுதியில், 60 மனைதான், 2022-லிருந்து குலுக்கல் முறை, 45 நாள் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை என்றால் வீட்டை இடித்துவிடுவார்கள். பணம் வைத்திருப்பது அங்கே பெரிய விஷயமில்லை, மனை விழுவதுதான் விஷயம்.

சமீபத்தில் சேர்த்த வரிசை ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேம். முதல் முறை வீட்டைப் பெரிதாக்கத் தச்சர் ராபினிடம் 10,000 பொன்னும் 450 மரத்துண்டும் கொடுக்க வேண்டும், மூன்று நாளில் முடித்துவிடுவார். மரத்தை நீங்களே வெட்டலாம், இல்லை அவர் கடையிலேயே வாங்கலாம். கேமின் முதல் வருடம் ஒரு மரத்துண்டு 10 பொன், 450-க்கு 4,500. இரண்டாம் வருடம் பிறந்ததும் அதே மரத்துண்டு 50 பொன், 450-க்கு 22,500. கூலி அதே 10,000-தான், பொருள் விலை மட்டும் ஐந்து மடங்கு. விளைச்சல் பணமெல்லாம் விதையிலேயே போகட்டும், வீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதல் வருடம் தள்ளிப்போட்டவன் நான். இரண்டாம் வருட வசந்தத்தில் கடைக்குப் போய் விலையைப் பார்த்துவிட்டு, கோடாரியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.