100 கிலோவைத் தாண்டியவர்களுக்கு எந்த டிஸ்க் பிரேக்?

மலைப்பாதை சைக்கிளுக்கு பிரேக் தேடும் கனத்த உடம்புக்காரர்கள் முதலில் கேட்பது "எதுல பவர் ஜாஸ்தி?" என்பதுதான். கேள்வி தப்பில்லை, பாதிக் கேள்வி. இன்று கிடைக்கும் உருப்படியான நான்கு பிஸ்டன் பிரேக் (உராயும் கட்டைகளை நான்கு உருளைகள் தள்ளும் வகை) எதை மாட்டினாலும் 110 கிலோ ஆளை ஒரு தடவை சட்டென்று நிறுத்திவிடும். இறக்கத்தின் முதல் வளைவில் எல்லா பிரேக்கும் நல்ல பிரேக்தான். பதினைந்தாவது கொண்டை ஊசி வளைவிலும் லிவர் அதே இடத்தில் பிடிக்கிறதா, அதே அழுத்தத்துக்கு அதே அளவு வேகம் குறைகிறதா என்று பார்த்தால்தான் சாயம் வெளுக்கும். அதைத் தீர்மானிப்பது சூடு.

ஒரு சின்னக் கணக்கு. ஆள் 110 கிலோ, சைக்கிளும் முதுகுப்பையும் சேர்ந்து 20 கிலோ, ஆக 130. இந்த எடை 500 மீட்டர் உயரம் இறங்கும்போது ஏறத்தாழ 638 கிலோஜூல் ஆற்றல் வெளியேற வேண்டும். அதே சைக்கிளில் 70 கிலோ ஆள் இறங்கினால் 441 தான். பத்து நிமிடத்தில் இறங்கினால் கனத்தவருக்கு சராசரியாக ஒரு கிலோவாட்டுக்கு மேல், அதாவது ஓர் இஸ்திரிப்பெட்டியைப் பத்து நிமிடம் போட்டு வைத்த மாதிரி. வேகமான, திறந்த பாதையில் இதில் நல்ல பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். செங்குத்தான, மெதுவாகப் போக வேண்டிய பாதையில் முக்கால்வாசிச் சுமை பிரேக்கின் தலையில் விழும். மெதுவாகப் போவதால் ரோட்டாரில், அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டில், காற்றும் படாது. அதனால்தான் எடை கூடியவர்களுக்கு வேகமான இறக்கத்தைவிட மெதுவான செங்குத்து இறக்கம் மோசமானது.

ஆகவே செலவு செய்யும் வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் ரோட்டார், அடுத்து பேட் (ரோட்டாரை அழுத்தி உராயும் கட்டை), அதன்பிறகே கேலிப்பரும் (பிஸ்டனும் பேடும் இருக்கும் கவ்வி) லிவரும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விலை உயர்ந்த பிரேக்கை வாங்கி, ஏற்கெனவே இருக்கும் 180 மி.மீ. மெல்லிய ரோட்டாரோடு ஓட்டிவிட்டு பிரேக்கைத் திட்டுகிறார்கள்.

ரோட்டாரில் பார்க்க வேண்டியது இரண்டு: விட்டம், தடிமன். 180-லிருந்து 203-க்குப் போனால் அதே விரல் அழுத்தத்துக்குச் சுமார் 13 சதவீதம் கூடுதல் நிறுத்தும் விசை கிடைக்கும். 203-லிருந்து 220-க்குப் போனால் இன்னும் 8 சதவீதம். விசையைவிட முக்கியம், சூட்டை உறிஞ்ச உலோகமும் அதை வெளியேற்றப் பரப்பும் கூடுவது. தடிமனும் அப்படித்தான். ஷிமானோ ரோட்டார்கள் புதிதில் 1.8 மி.மீ., ஸ்ராமின் எச்எஸ்2 வகையும் மகுராவின் எம்டிஆர்-பி வகையும் 2 மி.மீ., டிஆர்பி நிறுவனத்தின் டிஎச்-ஆர் ஈவோ பிரேக்குக்கானது 2.3 மி.மீ. ஒரே வடிவமாக இருந்தால் 1.8-ஐ விட 2.3-இல் உலோகம் கால்பங்குக்கும் மேல் அதிகம். எடையைக் குறைக்கப் பெரிய பெரிய ஓட்டைகள் போட்ட ரோட்டார்களை 100 கிலோ தாண்டியவர்கள் தொடவே வேண்டாம். அலுமினியத்தை நடுவில் வைத்து எஃகால் மூடிய ரோட்டார்கள் சாதாரண ஓட்டத்தில் நன்றாகச் சூடு தணிக்கும். ஆனால் அலுமினியம் 660 டிகிரியில் உருகும் உலோகம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடிக்கும் பழக்கம் உள்ளவர் முழு எஃகில் தடியான ரோட்டார் போடுவதே நல்லது.

வாங்கும் முன் ஃபோர்க்கும் ஃபிரேமும் எத்தனை மி.மீ. வரை அனுமதிக்கின்றன என்று அவற்றின் கையேட்டில் பார்க்க வேண்டும். பின்பக்கம் 180-ஓடு நிறுத்திவிடும் ஃபிரேம்களும் உண்டு. ரோட்டார் இடித்தால்தான் பிரச்சினை என்று நினைக்கக் கூடாது. பெரிய ரோட்டார், கேலிப்பர் பிடித்திருக்கும் காதுகளில் கூடுதல் விசையைப் போடும்; அந்த விசைக்கு வடிவமைக்காத இடம் விரிசல் விடும். 200-க்கும் 203-க்கும் ஒரே அடாப்டர் (கேலிப்பரை ரோட்டார் அளவுக்கு ஏற்றபடி தள்ளி நிறுத்தும் துண்டு) போதும் என்று நினைப்பது இன்னொரு தவறு. ஆரத்தில் ஒன்றரை மி.மீ. வித்தியாசம். 200 ரோட்டாரை 203 அடாப்டரில் போட்டால் பேடின் மேல்விளிம்பு ரோட்டாருக்கு வெளியே தொங்கி, தேயாத உதடு ஒன்று மிஞ்சும். நாளடைவில் இரு பேட்களின் உதடுகளும் ஒன்றோடொன்று முட்டி, லிவர் காரணமில்லாமல் பலமிழக்கும்.

தடிமனையும் கண்டபடி கலக்க முடியாது. 1.8-க்கு அமைத்த கேலிப்பரில் 2.3 ரோட்டாரைத் திணித்தால் புது பேடோடு சக்கரம் சுழலவே இடம் இருக்காது. மாறாக, 2.3-க்கு அமைத்ததில் மெல்லியதைப் போட்டால் பிஸ்டன்கள் தேவைக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

பேட் விஷயத்தில் ரெசின், சின்டர்டு என்று இரண்டு பெரிய பிரிவு. ரெசின் குளிரில் உடனே பிடிக்கும், சத்தம் குறைவு. சூடேறினால் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்து வழுக்கத் தொடங்கும், சேற்றில் வேகமாகத் தேயும். சின்டர்டு என்பது உலோகத்தூளை அழுத்திச் சுட்டது. முதல் பிடி கொஞ்சம் மந்தம், ஈரத்தில் கத்தும், ஆனால் சூட்டில் பிடி நிலைக்கும். பின்சக்கரத்துக்குச் சின்டர்டு என்பது எடை கூடியவர்களுக்குக் கிட்டத்தட்டக் கட்டாயம், ஏனென்றால் இறக்கத்தில் பின்பிரேக்கைத்தான் விடாமல் இழுத்துக்கொண்டே வருகிறோம். முன்னால் உங்கள் விருப்பம். ரோட்டாரில் "ரெசின் பேட் மட்டும்" என்று பொறித்திருந்தால் அதில் சின்டர்டு போடக் கூடாது. மென்மையான எஃகு, வரிவரியாக அரித்துவிடும். மலிவான சைக்கிள்களில் வரும் 160 மி.மீ. ரோட்டார்கள் பல இந்த ரகம். பேடை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்கலாம் என்ற கணக்கு அங்கே எடுபடாது.

இனி பிரேக்குகள்.

ஷிமானோவின் டியோர் எம்6120, எஸ்எல்எக்ஸ் எம்7120, எக்ஸ்டி எம்8120 மூன்றும் நான்கு பிஸ்டன் வகை, மூன்றிலும் சர்வோ வேவ் லிவர் (முதலில் பேடை வேகமாக நகர்த்தி, பிறகு கூடுதல் பலத்தோடு அழுத்துவது). நிறுத்தும் பலத்தில் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் விலை வித்தியாசம் அளவுக்கு இல்லை. காசு பெரும்பாலும் லிவரின் சரிசெய்யும் வசதிகளுக்கும் நேர்த்திக்கும் போகிறது. டியோரை எடுத்துக்கொண்டு மிச்சத்தை 203 ரோட்டாரிலும் சின்டர்டு பேடிலும் போடுவது புத்திசாலித்தனம். இந்த மூன்றும் ஷிமானோவின் செயின்ட் பிரேக்கும் ஒரே வடிவ பேடை ஏற்பதால் எங்கே போனாலும் பேட் கிடைக்கும். குறை என்று சொன்னால், கரடுமுரடான பாதையில் லிவரை அடுத்தடுத்து வேகமாக அமுக்கும்போது பிடிக்கத் தொடங்கும் இடம் முன்னும் பின்னும் நகர்வது. கவனமாக பிளீட் செய்தால், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினால், குறையும், முழுக்கப் போகும் என்று நம்ப வேண்டாம். கேலிப்பர் சீல் (பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம்) போனால் சீலை மட்டும் வாங்க வழியில்லை. கேலிப்பரையே மாற்ற வேண்டும்.

மகுரா எம்டி5, கொடுக்கும் காசுக்கு பலம் என்று பார்த்தால் முதலிடம். 17 மி.மீ. பிஸ்டன் நான்கு, லேசான லிவர், கனத்த ஆளுக்கும் ஒரு விரல் போதும். லிவர் உடல் பிளாஸ்டிக் கலவை என்பதால் முரட்டுக் கை கூடாது. மேலே இருக்கும் பிளீட் திருகுக்கு 0.5 நியூட்டன் மீட்டர்தான். விரலால் திருப்புவதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவே. பேடுக்கும் ரோட்டாருக்கும் இடைவெளி குறைவு. ரோட்டார் இம்மி வளைந்தாலும் "ஷிக் ஷிக்" என்று உரசிக் காதைத் தின்னும். சக்கரத்தை அடிக்கடி கழற்றி மாட்டுபவருக்கு இது பொறுமையைச் சோதிக்கும் பிரேக்.

ஸ்ராமில் கோட், மேவன் என்று இரண்டு. கோட் கேலிப்பரில் 15, 16 மி.மீ. பிஸ்டன் இரண்டிரண்டு, 2024-இல் வந்த மேவனில் 18, 19.5 மி.மீ. இரண்டிரண்டு. பரப்பளவு போட்டுப் பார்த்தால் மேவனில் சுமார் 46 சதவீதம் அதிகம். 75 கிலோ ஆளுக்கு இது ஈயை அடிக்கச் சம்மட்டி. 110-க்கு மேல் சரியான அளவு. கேலிப்பரே கனமான உலோகக் கட்டி என்பதால் சூட்டை நிறையவே விழுங்கும். லிவர் சற்று விறைப்பு. புதிதில் பிஸ்டன்கள் ஒன்றுபோல நகராது. பேடை எடுத்துவிட்டு, பிஸ்டன்களைச் சற்றே வெளியே வரவைத்துத் திரும்ப உள்ளே தள்ளுவதை மூன்று நான்கு முறை செய்தால் பழகும். இதைச் செய்யாமல் மாட்டியவர்கள்தான் "லிவர் கல்லு மாதிரி இருக்கு" என்கிறார்கள். முக்கியமாக ஒன்று: லிவரின் அழுத்தத்தைக் கேலிப்பருக்குக் கடத்தும் திரவம் கோடில் டாட் வகை, மேவனில் மினரல் ஆயில். ஒரே நிறுவனம்தானே என்று பழைய பாட்டிலை எடுத்து ஊற்றினால் சீல்கள் உப்பி மொத்தமும் வீண்.

ஹேஸ் டொமினியன் ஏ4 அதிகம் பேசப்படாத நல்ல பிரேக். லிவர் வெண்ணெய் மாதிரி. கேலிப்பரை நடுவில் நிறுத்தத் தனியே குட்டித் திருகுகள் இருப்பதால் உரசலை ஐந்து நிமிடத்தில் தீர்க்கலாம். கேலிப்பரில் இரண்டு பிளீட் துளைகள், காற்றுக்குமிழ் ஒளிந்துகொள்ள இடம் குறைவு. ஹோப் டெக் 4 வி4 வேறு குணம்: சட்டென்று கவ்வாது, அழுத்த அழுத்தக் கூடும். சீல், பிஸ்டன் என்று ஒவ்வொரு உதிரிபாகமும் தனியே கிடைக்கும். பத்து வருடம் வைத்திருக்க நினைப்பவருக்கு இதற்கு மேல் வேண்டாம். இரண்டுக்கும் டாட் திரவம். டிஆர்பி டிஎச்-ஆர் ஈவோவின் பலம், முன்பே சொன்ன 2.3 மி.மீ. ரோட்டார், நீண்ட இறக்கத்துக்கென்றே செய்தது போலிருக்கும்.

100 கிலோவை ஒட்டியவர், இறக்கங்கள் சுமார் நீளம் என்றால் டியோர் நான்கு பிஸ்டன் அல்லது எம்டி5, முன்னும் பின்னும் 203. அதற்கு மேல் எடை, அல்லது செங்குத்தான நீள இறக்கம், அல்லது மின்சார சைக்கிள் என்றால் மேவன் அல்லது டிஎச்-ஆர் ஈவோ. ஃபோர்க் அனுமதித்தால் முன்னால் 220. பின்னால் சின்ன ரோட்டார் போடும் பழைய வழக்கம் கனத்தவர்களுக்குப் பொருந்தாது. பின்பிரேக்தான் முதலில் வெந்து போகிறது.

திரவத்தைப் பற்றிக் கொஞ்சம். டாட் 5.1 புதிதில் குறைந்தது 260 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 180-க்கு இறங்கிவிடும். அதனால் வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் உள்ளே புகுந்த நீர்த்துளி தாழ்வான இடத்தில், அதாவது கேலிப்பரில், போய் உட்கார்ந்துகொண்டு 100 டிகிரியிலேயே ஆவியாகும். டாட் 5 என்பது சிலிகான், இந்த பிரேக்குகளில் ஊற்றவே கூடாது.

மாட்டும்போது ஆறு போல்ட் ரோட்டார் என்றால் நட்சத்திர முனையுள்ள டி25 சாவியால் எதிரெதிராக இறுக்க வேண்டும்: ஷிமானோவுக்கு 2 முதல் 4 நியூட்டன் மீட்டர், ஸ்ராமுக்கு 6.2. நடுவில் ஒரே வளையத்தால் பூட்டும் சென்டர்லாக் என்றால் 40. ரோட்டாரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் துடைத்துவிட்டு, கேலிப்பர் போல்ட்களைத் தளர்த்தி, லிவரை அழுத்திப் பிடித்தபடியே மாற்றி மாற்றி இறுக்கினால் நடுவில் நிற்கும். அடுத்தது பேடைப் பழக்குவது. மிதமான வேகத்திலிருந்து நடைவேகம் வரை 20 தடவை, பிறகு கொஞ்சம் கூடுதல் வேகத்திலிருந்து 10 தடவை, ஒவ்வொரு பிரேக்கையும் தனித்தனியாக. சக்கரம் பூட்டிக்கொள்ளவும் கூடாது, முழுதாக நிற்கவும் கூடாது; சூடான பேட் ஒரே இடத்தில் ஒட்டி, அந்த இடம் வரும்போதெல்லாம் அதிரும். இந்த அரைமணி வேலையைத் தவிர்த்தவர்களின் பிரேக் சத்தம்தான் மலையடிவாரம் வரை கேட்கிறது.

இறக்கத்தின் நடுவே பிரேக் மங்கினால் லிவரைக் கவனியுங்கள், அதுவே நோயைச் சொல்லும். லிவர் விறைப்பாகவே இருக்கிறது, ஆனால் சைக்கிள் நிற்கவில்லை என்றால் பேட் சூட்டில் வழுக்குகிறது. ஆறினால் திரும்பி வரும், அடிக்கடி நடந்தால் பேடைச் சின்டர்டுக்கு மாற்றி, ரோட்டாரைப் பெரிதாக்க வேண்டும். லிவர் கைப்பிடி வரை வந்து ஒட்டுகிறது என்றால் திரவம் கொதித்துவிட்டது. உடனே நிறுத்துங்கள். ஆறிய பிறகு பழையபடி இருப்பது போலத் தோன்றினாலும் திரவத்தை மாற்றாமல் அடுத்த இறக்கத்துக்குப் போகக் கூடாது. சூடான ரோட்டாரில் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம், வளைந்துவிடும். நின்றிருக்கும்போது லிவரை அழுத்திப் பிடிக்காதீர்கள். ரோட்டாரின் சூடு முழுக்க பேட் வழியாக திரவத்துக்குத்தான் போகும்.

தேய்மானத்தை எடை கூடியவர்கள் கண்மதிப்பில் விடக் கூடாது. ஷிமானோ ரோட்டார் 1.5 மி.மீ., மகுரா 1.8 மி.மீ. வந்தால் மாற்ற வேண்டும்; மற்றவற்றில் குறைந்தபட்ச அளவு ரோட்டாரிலேயே பொறித்திருக்கும். ஷிமானோ பேடில் உராயும் பகுதி 0.5 மி.மீ. வரை விடலாம் என்பது எல்லோருக்குமான கணக்கு. கனத்தவர்கள் 1 மி.மீ. இருக்கும்போதே மாற்றிவிடுவது மேல், ஏனென்றால் மெலிந்த பேட் சூட்டை மறிக்காமல் நேரே பிஸ்டனுக்கு அனுப்பிவிடுகிறது.