பழைய ஒமேகா, டியூடர், ரோலெக்ஸ்: கொழும்பில் எதை வாங்கலாம், யாரிடம் திருத்தலாம்?

பழைய நல்ல மணிக்கூடு ஒன்று வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது விலையைத்தான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: இதை யாரிடம் திருத்தக் கொடுப்பீர்கள்? அதற்குப் பதில் இல்லாமல் விலை பேசிப் பயனில்லை. கடற்காற்று, வியர்வை, ஐப்பசி மழை எல்லாம் சேர்ந்த ஊர் இது. உதிரிப்பாகம் ஒவ்வொன்றும் டொலர் கணக்கில் வருகிறது. 2022 தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தாண்டியபோது, வெளிநாட்டுக்கு சேர்விஸுக்கு அனுப்ப நினைத்திருந்த பலர் மணிக்கூட்டை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

நண்பர்கள் அடிக்கடி கொண்டுவந்து காட்டும் மூன்றை எடுத்துக்கொள்கிறேன்: 1960களின் ஒமேகா சீமாஸ்டர், 1990களின் டியூடர் பிரின்ஸ் ஒய்ஸ்டர்டேட், ஏறத்தாழ அதே காலத்து ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் 16234.

மூன்றிலும் கைக்கு எட்டும் விலை ஒமேகாவுக்குத்தான், என் மனம் சாய்வதும் அதன் பக்கம்தான். மூடியைத் திறந்தால் செம்பு நிறத்தில் மின்னும் மெஷின். மெஷினின் இலக்கம், திகதி இல்லாததில் 552, திகதி உள்ளதில் 562 அல்லது 565. மணிக்கு 19,800 துடிப்பு. காதருகே வைத்தால் இன்றைய மணிக்கூடுகளைவிட நிதானமாக ஓடுவது தெரியும். ஆனால் இதில் ஏமாறுவதும் மிகச் சுலபம். டயலை மீண்டும் வர்ணம் பூசி அச்சடித்துப் ‘புதிதாக்கிய’ ஒமேகாக்கள் நிறையச் சுற்றுகின்றன. அறுபது வருட டயல் ஒரு புள்ளிகூட இல்லாமல் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். எழுத்துகளின் ஓரம் தடித்திருக்கிறதா, நிமிடக் கோடுகள் மணிக் கட்டைகளுக்கு நேராக நிற்கின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். கம்பனியின் பிளாஸ்டிக் கண்ணாடியென்றால் நட்ட நடுவில், வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தால் மட்டும் தெரியும்படி, ஒரு பொடி ஒமேகா சின்னம் இருக்கும். பின்மூடியில் கடற்குதிரை உள்ள மொடலில் அதன் கோடுகள் மழுங்கியிருந்தால், யாரோ நன்றாகத் தேய்த்துப் பொலிஷ் போட்டிருக்கிறார்கள்.

நான் என் சீமாஸ்டரை வெள்ளவத்தையில் ஒரு குடும்பத்திடம் நேரடியாக வாங்கினேன். வாங்கும்போது மூடியைத் திறக்கச் சொல்லிக் கேட்கக் கூச்சப்பட்டேன். பிறகு நகரத்தில் பளிச்சென்ற ஒரு கடையில் சேர்விஸுக்குக் கொடுத்தேன். கேஸைக் கண்ணாடிபோல் மினுக்கித் தந்தார்கள். உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை மாற்றவில்லை. இரண்டு மாதத்தில் ஒரு மழை நாளில் பஸ்ஸில் வரும்போது பார்த்தேன், கண்ணாடிக்குள்ளே ஆறு மணிப் பக்கம் பனி படர்ந்திருந்தது. அன்று வயிற்றைக் கலக்கியது இன்னும் மறக்கவில்லை.

அதைக் காப்பாற்றியவர் புறக்கோட்டையில் ஒரு நானா. கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டி உள்ளே நடந்தால், ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய இடம். 1923இல் கட்டிய அந்தக் கோபுரத்தைக் கடக்கும்போதெல்லாம் என் கை தானாக மணிக்கட்டுக்குப் போகும். நானா மூடியைத் திறந்து உட்புறத்தை எனக்குக் காட்டினார். ஊசியால் கீறிய பொடி எண்கள்: திருத்தியவர்கள் தங்கள் அடையாளத்தையும் திகதியையும் கீறி வைத்திருந்தார்கள். கடைசியாக இருந்தது 1984. “தம்பி, மூடியத் தொறந்து பாக்காம வெல பேச வாணாம்” என்றார். இன்றுவரை நான் அதை மீறியதில்லை.

டியூடருக்கு வருவோம். நாளாந்தம் கட்டுவதற்கு நான் கைகாட்டுவது இதைத்தான். டியூடர் ரோலெக்ஸின் சகோதரக் கம்பனி. ரோலெக்ஸ் கட்டிய கேஸ், சாவி கொடுக்கும் திருகில் ரோலெக்ஸ் கிரீடம், உள்ளே சுவிஸ் மெஷின் கம்பனியான ஈட்டாவின் 2824-2. இந்த மெஷினைக் கழற்றிப் பழகாத சுவிஸ் மணிக்கூட்டுத் திருத்துநர் அரிது. ஒமேகாவையும் வைத்திருக்கும் ஸ்வாட்ச் குழுமம் 2015 இறுதியோடு வெளிக் கடைகளுக்கு உதிரிப்பாகம் கொடுப்பதை இறுக்கியது, ஈட்டாவும் அந்தக் குழுமத்தினதுதான். இருந்தாலும் அதே வடிவமைப்பில் செல்லிட்டா என்ற இன்னொரு சுவிஸ் கம்பனி செய்யும் எஸ்டபிள்யூ200 மெஷினின் பாகங்கள் பெரும்பாலும் பொருந்தும் என்பதால் இது அநாதையாகாது. 552, 562 போன்ற ஒமேகாவின் பழைய 500 வரிசை மெஷின்களுக்கு அந்த வசதி கிடையாது. அதற்குப் பாகம் வேண்டுமென்றால் இன்னொரு பழைய மெஷினைத் தேடிப் பிடித்துக் கழற்ற வேண்டும். டியூடரின் ஒரே குறை அளவு. 34 மில்லிமீற்றர் இப்போதைய பிள்ளைகளுக்குச் சிறிதாகத் தெரிகிறது. எனக்குச் சரி.

டேட்ஜஸ்ட் 16234 மூன்றிலும் உறுதியானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1988இல் வந்த 3135 மெஷின், சஃபயர் கண்ணாடி, 100 மீற்றர் தண்ணீர்த் தாங்கு திறன். பிரச்சினை மணிக்கூட்டில் இல்லை, அதைச் சுற்றியிருக்கும் சந்தையில். 3135ஐயே நகலெடுத்த சீன மெஷின்கள் வந்துவிட்டதால், மூடியைத் திறந்து பார்த்தாலும் பழகாத கண் ஏமாறும். செயினைக் கழற்றச் சொல்லுங்கள். 12 மணிப் பக்கம் செயின் மாட்டும் காதுகளுக்கிடையில் மொடல் இலக்கம், 6 மணிப் பக்கம் சீரியல் இலக்கம், இரண்டும் கூர்மையாக வெட்டியதுபோல் இருக்க வேண்டும். புள்ளி புள்ளியாக அரித்த எழுத்தென்றால் எழுந்து வந்துவிடுங்கள். ரோலெக்ஸ் தன் பாகங்களை வெளியாருக்கு இலகுவில் கொடுப்பதில்லை. புறக்கோட்டையில் மாற்றுப் பாகம் போட்ட ஒன்றை, அந்தப் பாகத்தை முதலில் மாற்றச் சம்மதிக்காமல் கம்பனி சேர்விஸ் ஏற்றுக்கொள்ளாது. ஆகவே டேட்ஜஸ்ட் வாங்குபவர் கம்பனி சேர்விஸுக்கான காசையும் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். வெளிநாட்டில் உறவினர் இருந்தால், 2022 டிசம்பரில் ரோலெக்ஸே தொடங்கிய சான்றளித்த பழைய மணிக்கூடு விற்பனையில் இரண்டு வருட உத்தரவாதத்தோடு வாங்கலாம். விலை கூடத்தான், ஆனால் இரவில் நித்திரை வரும்.

சேர்விஸுக்குக் கம்பனியா நானாவா என்பதை மணிக்கூடுதான் தீர்மானிக்க வேண்டும். டேட்ஜஸ்ட் கம்பனிக்குப் போகட்டும். சுமார் பத்து வருடத்துக்கு ஒருமுறை என்று ரோலெக்ஸே சொல்வதால் அந்தச் செலவு தாங்கக்கூடியது. 1960களின் ஒமேகாவை அப்படி அனுப்பினால் கேஸைப் பொலிஷ் பண்ணி, முள்ளையும் டயலையும் புதிதாக மாற்றிவிடும் அபாயம் உண்டு. நீங்கள் வாங்கியதே அந்தப் பழைய டயலுக்காகத்தானே. அனுப்பத்தான் வேண்டுமென்றால் ‘பொலிஷ் வேண்டாம், டயலும் முள்ளும் மாற்ற வேண்டாம்’ என்று எழுத்தில் கொடுங்கள். என் சீமாஸ்டர் இனி நானாவைத் தவிர யார் கைக்கும் போகாது.

நானாவானாலும் வேறு யாரானாலும், மணிக்கூட்டின் துடிப்பைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் மெஷினில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆம்பிளிட்யூட், அதாவது உள்ளே ஆடும் சமநிலைச் சக்கரம் எவ்வளவு தூரம் சுழல்கிறது என்பது, 270 பாகைக்கு மேல் இருந்தால் நல்லது. நன்றாகச் சாவி கொடுத்தும் 220க்குக் கீழே விழுந்தால் எண்ணெய் காய்ந்திருக்கலாம். ஆனால் மெஷினுக்கு மெஷின் மாறும் ‘லிஃப்ட் ஆங்கிள்’ என்ற கோண அளவை டைம்கிராஃபருக்குச் சரியாகக் கொடுக்காவிட்டால் அந்த எண் பொய் சொல்லும்: ஒமேகா 552க்கு 49, ஈட்டாவுக்கு 50, 3135க்கு 52. இதைக் கேட்டதும் முகம் மலர்கிற திருத்துநரிடம் நம்பிக் கொடுக்கலாம்.

அப்புறம், மணிக்கூட்டைத் திருப்பி வாங்கும்போது கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். நானா ஒரு சின்னப் பொலித்தீன் பையில் போட்டுத் தந்தார்: கறுத்து வெடித்த ரப்பர் வளையம், தேய்ந்த திருகு, அறுந்த ஸ்பிரிங். மூடியின் உட்புறத்தில் 1984க்குக் கீழே தன் எண்ணையும் கீறியிருந்தார்.