விழித்திரையில் சவ்வு: பொறுத்துப் பார்ப்பதா, உரித்து எடுப்பதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தெருவிலேயே இரண்டு பேருக்கு விழித்திரையில் இந்தச் சவ்வு வந்தது. தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற மாமா பொறுத்துப் பார்க்கிறார், வீட்டில் ரவிக்கை தைக்கும் என் பெரியம்மா ஆபரேஷன் செய்துகொண்டார். இரண்டு முடிவும் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் மாமா சொல்லும் காரணம் தவறு: "இன்னும் முத்தட்டும் தம்பி" என்கிறார். பழைய காலத்தில் கண்புரைக்குச் சொன்ன பேச்சு அது. இந்தச் சவ்வு முத்த முத்த ஆபரேஷன் சுலபமாவதில்லை, அடியில் இருக்கும் விழித்திரைதான் கெட்டுக்கொண்டு போகும்.

நடப்பது இதுதான். வயதாகும்போது கண்ணுக்குள் இருக்கும் கூழ் சுருங்கி விழித்திரையை விட்டு விலகுகிறது. அப்புறம் சிலருக்கு, எழுத்தையும் முகத்தையும் பார்க்க உதவும் நடுப்பகுதியான மக்குலா மேல் மெல்லிய தழும்புத் திசு படிகிறது, அது சுருங்கும்போது விழித்திரையையும் சேர்த்து இழுத்துக் கசக்கிவிடுகிறது. பெரியம்மாவுக்குத் தையல் கோடு நடுவில் நெளிந்து தெரிந்தது, அளவு நாடாவில் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, கதவு நிலை இடுப்பொடிந்த மாதிரி இருந்தது. சொட்டு மருந்து, மாத்திரை, கண்ணாடி எதுவும் இந்தச் சவ்வை எடுக்காது. வெயிலில் வேலை செய்தவர்களுக்குக் கருவிழி மேல் வெளியே தெரிகிற மாதிரி வளரும் சதை வேறு, அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பொறுத்துப் பார்ப்பது யாருக்குப் பொருந்தும்? மாமாவுக்கு. இனிப்பு நீருக்காக (நீரிழிவு) கண்ணைச் சோதித்தபோது, விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்தது, பார்வை 6/9 (6/6 என்றால் நல்ல பார்வை, கீழ் எண் ஏற ஏறப் பார்வை குறைவு), கோடு எதுவும் வளையவில்லை. இப்படிப்பட்ட சவ்வு பலருக்கு வருடக்கணக்கில் அப்படியே இருந்துவிடும். வருடத்துக்கு ஒன்றிரண்டு ஸ்கேன், வீட்டில் பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்ப்பது, அது போதும். ஒரு கண்ணை மூடாமல் பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும், நிறைய பேர் ஏமாறுவது இதில்தான்.

ஆபரேஷன் என்றால் விட்ரெக்டமி. ஜெர்மனியில் பிறந்த மருத்துவர் ராபர்ட் மாக்கமர் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடைமுறைக்குக் கொண்டுவந்த முறை. இன்று துளைகள் அரை மில்லிமீட்டர் அளவுதான், பெரும்பாலும் தையல் தேவையில்லை. கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து, உள்ளே இருக்கும் கூழை எடுத்து, நீலச் சாயம் விட்டு, நுண்ணிய இடுக்கியால் சவ்வை உரிப்பார்கள். அடியில் இருக்கும், விழித்திரையின் மேலடுக்கான உள் எல்லைப் படலத்தையும் சேர்த்து உரித்தால் சவ்வு திரும்ப வளரும் வாய்ப்பு குறைகிறது. பார்வை கூடுதலாகத் தேறுமா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் அந்த முடிவை டாக்டரிடம் விட்டுவிடலாம்.

கட்டுப் பிரித்ததும் தெளிவாகத் தெரியும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. விழித்திரை மெல்ல மெல்லத்தான் நிமிரும்: மூன்று மாதம், ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம். பெரும்பாலானவர்களுக்கு எழுத்துப் பலகையில் இரண்டு வரி அளவுக்குத் தேறும், வளைவு குறையும், ஆனால் முழுசாக மறைவது அரிது. பார்வை 6/9, 6/12 இருக்கும்போது செய்பவர்கள் கடைசியில் எட்டும் பார்வை, 6/36 வரை காத்திருந்து செய்பவர்களைவிட மேலாக இருக்கும். பெரியம்மா இப்போது நூல் கோர்க்கிறார், இடது கண்ணில் கோடு இன்னும் லேசாக நெளிகிறது என்கிறார், ஆனால் தையல் மெஷின் முன் மறுபடி உட்கார்ந்துவிட்டார். என்னைக் கேட்டால் அளவுகோல் அதுதான், பலகையில் எத்தனை வரி படிக்கிறோம் என்பதைவிட உங்கள் வேலை கெடுகிறதா என்பதுதான் முக்கியம்.

அடுத்த கேள்வி: கண்புரையையும் சேர்த்துச் செய்வதா, தனித்தனியாகவா? ஐம்பதைத் தாண்டிய, கண்ணின் சொந்த லென்ஸ் உள்ளவருக்கு (கண்புரை ஆபரேஷன் செய்யாதவருக்கு) விட்ரெக்டமிக்குப் பிறகு ஒன்றிரண்டு வருடத்தில் கண்புரை வருவது கிட்டத்தட்ட நிச்சயம். சேர்த்துச் செய்தால் ஆபரேஷன் ஒன்று, விடுப்பு ஒன்று, ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அலைச்சல் பாதி. குறை என்னவென்றால் கசங்கிய மக்குலாவை வைத்து அளந்த லென்ஸ் பவர் கொஞ்சம் தவறலாம், வீக்கமும் சற்று அதிகம். அதற்கெல்லாம் கண்ணாடி போட்டுச் சமாளிக்கலாம். அறுபது வயதுக்காரர் இரண்டாவது முறை ஆபரேஷன் தியேட்டருக்குப் போவதற்கு இது மேல், நான் சேர்த்துச் செய்வதன் பக்கம். லென்ஸ் தெளிவாக இருக்கும் நாற்பது வயதுக்காரருக்கு இது பொருந்தாது.

சவ்வு மட்டும் என்றால் ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் கேஸ் (வாயு) அடைக்கப் பொதுவாகத் தேவைப்படாது. மக்குலாவில் ஓட்டையும் இருந்து கேஸ் அடைத்தால், சில நாள் குப்புறக் கிடக்க வேண்டும், அது கரையும் வரை விமானம் கூடாது, கேமரன் மலைக்கோ கெந்திங்குக்கோ ஏறக் கூடாது. உயரத்தில் கேஸ் விரிந்து கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வையே போய்விடலாம். நம் பக்கத்தில் சிம்பாங் பூலாய் வழியாக கேமரன் போவது சர்வ சாதாரணம் என்பதால் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைக்கவும்.

அரசா, தனியாரா? அரசு கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்), அங்கே கடிதம் வாங்கிப் போனால் நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி, ஆனால் வரிசை நீளம். தனியாரில் சீக்கிரம் நடக்கும், பல ஆயிரம் வெள்ளி ஆகும். சாதாரணச் சவ்வுக்கு அவசரம் இல்லை, சில மாதக் காத்திருப்பில் பெரிதாக எதுவும் கெடாது. இதற்காக நகையை அடகு வைக்க வேண்டாம். இனிப்பு நீரால் வரும் இழுவைச் சவ்வு மட்டும் வேறு கதை, அது விழித்திரையையே பிய்த்துவிடும், மக்குலாவை நெருங்கிவிட்டால் நாள் கடத்தக் கூடாது. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது, எனவே உங்களுக்கு எந்த வகை என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

விட்ரெக்டமிக்குப் பிறகு சிறு பங்கினருக்கு விழித்திரை விலகலாம், கிருமித் தொற்று அதைவிட அரிது. மின்னல் வெட்டுகிற மாதிரி ஒளி, திடீரென்று கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை இறங்குவது, கடும் வலியோடு சிவப்பு, இதில் எது வந்தாலும் அடுத்த அப்பாய்ண்ட்மெண்ட் தேதியைப் பார்க்காமல் அன்றே, ராத்திரியாக இருந்தாலும், பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.